ஏ.எம். தூரம் போகும், எஃப்.எம். போகாது: இதில் எவ்வளவு உண்மை?

கேள்வி: 4 மே 2017, இரவு 8.40

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.) செய்த அலை வெகுதூரம் போகும், ஆனால் இரைச்சல் அதிகம். அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) செய்தது தெளிவாக இருக்கும், ஆனால் பக்கத்து ஊரைத் தாண்டாது என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். “ஏம்ப்பா தாண்டாது?” என்கிறாள். உயரத்தை மாற்றினால் அலைக்குச் சிரமமில்லை, துடிப்பை மாற்றினால் களைத்துப்போகும் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே நம்பிக்கை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 4 மே 2017, இரவு 10.15

களைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தூரத்துக்கும் பண்பேற்றத்துக்கும், அதாவது குரலை அலைமேல் ஏற்றும் விதத்துக்கும், நேரடிச் சம்பந்தம் கிடையாது. அந்த நோட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

சென்னை வானொலி மத்திய அலையில் 720 கிலோ ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட 417 மீட்டர். எஃப்.எம். நிலையங்கள் இருப்பது 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் சுமார் 3 மீட்டர். 417 மீட்டர் அலை தரையை ஒட்டி வளைந்து ஊர்ந்து போகும், ராத்திரியானால் வானத்தில் பட்டுத் திரும்பியும் வரும். 3 மீட்டர் அலை நேராகப் போகும். பூமி வளைகிற இடத்தில் அது வளையாமல் அப்படியே மேலே போய்விடும். குரலை எப்படி ஏற்றினோம் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

சாட்சி வேண்டுமா? விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ் வரை, அதாவது எஃப்.எம். பட்டைக்கு அடுத்த தெரு. அங்கே பேச்சு ஏ.எம். ஏ.எம். ஆயிற்றே என்று அந்த அலை தரையில் ஊர்வதில்லை. விமானம் தொடுவானத்துக்குக் கீழே போனால் பேச்சும் போச்சு.

“அப்படியானால் மத்திய அலையிலேயே எஃப்.எம். வைத்தால் என்ன?” என்று உங்கள் மகள் கேட்பாள், கேட்க வேண்டும். இடம் இல்லை. மத்திய அலை நம் பக்கத்தில் 531 முதல் 1602 கிலோ ஹெர்ட்ஸ் வரை. 9 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையம், மொத்தம் 120 மனை. ஓர் எஃப்.எம். நிலையத்துக்குச் சுமார் 180 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 120 பேர் குடியிருக்கிற தெருவில் ஆறு பேர்தான் வீடு கட்ட முடியும். அதனால்தான் அகலமான வீடுகளை ஊருக்கு வெளியே, காலி நிலத்தில் கட்டினார்கள். அந்தக் காலி நிலம் நேர்க்கோட்டு அலைகள் உள்ள நிலமாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

5 மே 2017, காலை 6.50

நேற்று தூரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். ஏற்றுவது என்றால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒருவர் ஒத்து மட்டும் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே சுருதி, ஏற்ற இறக்கம் இல்லாமல். ஊர்தி அலை என்று புத்தகம் சொல்வது அதைத்தான். அதில் செய்தி எதுவும் இல்லை, ‘நான் இருக்கிறேன்’ என்பதைத் தவிர.

இப்போது அந்த ஒத்தை வைத்தே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஒரு வழி, சுருதியை விடாமல் பலமாகவும் மெதுவாகவும் ஊதுவது. அது ஏ.எம். இன்னொரு வழி, ஊதுகிற பலத்தை மாற்றாமல் சுருதியை இருந்த இடத்தைச் சுற்றி அசைப்பது, வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதுபோல. அது எஃப்.எம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு படி உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். எஃப்.எம்.மில் பேச்சின் சத்தம் எது, பேச்சின் சுருதி எது? தந்தியை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது சத்தம். விநாடிக்கு எத்தனை தடவை இழுக்கிறோம் என்பது சுருதி. 100.5 மெகா ஹெர்ட்ஸ் நிலையத்தில் 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை முழுச் சத்தத்தில் அனுப்பினால், அலை 100.425க்கும் 100.575க்கும் நடுவில் விநாடிக்கு 1,000 முறை போய்ப்போய் வரும். அதே ஒலியை முணுமுணுப்பாக அனுப்பினால், அதே 1,000 முறை, ஆனால் இருந்த இடத்திலிருந்து லேசாக அசைந்தபடி. ‘கீச்சுக் குரல் என்றால் அதிர்வெண் அதிகம் இழுபடும்’ என்று நினைத்தால் பரீட்சையில் மட்டுமல்ல, பெட்டி ரிப்பேரிலும் தோற்போம்.

5 மே 2017, மதியம் 1.20

வீணை வாசிக்கும் ஒருவர் சொன்னார்: மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், கீழே இறங்காது. உண்மை. எஃப்.எம்.மில் இரண்டு பக்கமும் போக வேண்டும். ஆகவே வீணையை வாபஸ் வாங்குகிறேன். வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5 மே 2017, இரவு 9.30

இரைச்சல் விஷயம்.

எங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை டி.வி. இருந்த காலத்தில், தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். அம்மா மிக்ஸி போட்டால் குறுக்கே கோடுகள் ஓடும். ஆனால் ஒலி? செய்தி வாசிப்பவரின் குரலில் ஒரு கீறல் இருக்காது. படம் அலங்கோலம், பேச்சு சுத்தம். ஏழெட்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், ஏன் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பிறகு படிக்கும்போதுதான் உறைத்தது: அந்த டி.வி. முறையில் படம் வருவது ஏ.எம்.மில், ஒலி வருவது அதற்கு 5.5 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி எஃப்.எம்.மில். இரண்டும் ஒரே ஆண்டெனா, ஒரே ஒயர், ஒரே பெட்டி. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்குவதை நடுவீட்டில் தினமும் நடத்திக்காட்டியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. மின்னலோ, மோட்டார் சைக்கிள் பிளக்கின் பொறியோ, மிக்ஸி கார்பனின் பொறியோ, வந்து சேர்ந்தால் அலையின் உயரத்தைக் கூட்டும் குறைக்கும். ஏ.எம்.மில் உயரம்தான் செய்தி, அதனால் பொறியும் செய்தியாகிவிடும். எஃப்.எம். பெட்டியில் லிமிட்டர் என்று ஒரு கட்டம் இருக்கும்; புல்வெட்டுவதுபோல மேலேயும் கீழேயும் வெட்டிச் சமமாக்கிவிடும். உயரம் தொட்ட குப்பை எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். மிச்சம் சுருதி மட்டும்.

6 மே 2017, காலை 7.05

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை 720. இன்னொரு சென்னை 783. திருச்சி 936. கோவை 999. தூத்துக்குடி 1053. திருநெல்வேலி 1197. மதுரை 1269. ஒவ்வொன்றிலும் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 7+2+0 ஒன்பது. 7+8+3 பதினெட்டு, அதுவும் ஒன்பது. எல்லாமே ஒன்பது!

எண் சோதிடக்காரர் யாரும் ஆகாசவாணிக்கு ஆலோசனை சொல்லவில்லை. நிலையத்துக்கு நிலையம் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி என்று 1975ல் ஜெனீவாவில் நாடுகள் கூடி வகுத்த திட்டம், 1978லிருந்து நடைமுறை. 531ம் ஒன்பதால் வகுபடும் எண். அங்கே தொடங்கி ஒன்பது ஒன்பதாய் ஏறினால் எல்லாமும் வகுபடத்தானே செய்யும். அமெரிக்காவில் இடைவெளி 10. அங்கே இந்த ஜோசியம் பலிக்காது.

8 மே 2017, இரவு 11.40

5ஆம் தேதி இரவு எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. யாரும் பிடிக்கவில்லை, நானே பிடித்துக்கொண்டேன். ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில் வந்த வினை.

‘இரைச்சல் உயரத்தை மட்டும் தொடும், சுருதியைத் தொடாது’ என்ற பொருளில் எழுதிவிட்டேன். தப்பு. வெளியிலிருந்து வரும் பொறி என்பது இன்னோர் அலை. அது நம் அலையோடு கலக்கும்போது உயரத்தையும் மாற்றும், அலை எந்த நேரத்தில் ஏறி எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதையும் முன்னே பின்னே தள்ளும். லிமிட்டர் உயரத்தை வெட்டிவிடும். தள்ளலை அதனால் வெட்ட முடியாது. லிமிட்டர் மட்டுமே காரணமாக இருந்தால், போலீஸ்காரர் வாக்கி-டாக்கியும் எஃப்.எம்.தானே, அது ஏன் அப்படிக் கரகரக்கிறது?

சரியான காரணம் அகலம். 75 கிலோ ஹெர்ட்ஸ் இழுக்கிறோம் பாருங்கள், அதுதான் மருந்து. வாக்கி-டாக்கியில் இழுப்பு ஐந்து கிலோ ஹெர்ட்ஸ் அளவில் அல்லது அதற்கும் கீழே.

கோயில் பிரகாரத்தை வைத்துச் சொல்கிறேன். அலையின் ஒரு முழு அதிர்வு என்பது ஒரு சுற்று. முழுச் சத்தத்தில் 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், நம் அலை சும்மா இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அங்கிருந்து கிட்டத்தட்ட 12 சுற்று முன்னே போகும், திரும்ப 12 சுற்று பின்தங்கும். கூட்டத்தில் யாரோ இடிக்கிறார்கள் என்று வையுங்கள். இடிப்பவர் நம்மைவிடச் சின்ன ஆளாக இருக்கும்வரை, என்ன இடித்தாலும் கால் சுற்றுக்கு மேல் நம்மைத் தள்ள முடியாது. 12 சுற்று நடந்த கணக்கில் கால் சுற்று பெரிய பிசகில்லை. வாக்கி-டாக்கியில் நடப்பதே ஒரு சுற்றுக்கும் குறைவு. அதில் கால் சுற்று போனால் கணக்கே போச்சு.

இடிப்பவர் நம்மைவிடப் பெரிய ஆள் என்றால்? அப்போது அவர் நம்மைத் தூக்கிக்கொண்டு தன் போக்கில் போய்விடுவார். எஃப்.எம். நிலையம் தொலைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயாமல், ஒரு பாலம் தாண்டியதும் சட்டென்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று செத்துப்போவது இதனால்தான். ஏ.எம். அப்படிச் சாகாது. கிழவனைப்போல முனகிக்கொண்டே வெகுதூரம் கூட வரும்.

9 மே 2017, இரவு 10.00

அகலம் என்று சொன்னதும் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எல்லோரும் எஃப்.எம்.மை நாடியது நேர் எதிரான ஆசையில். அலைவரிசை நெரிசலாக இருக்கிறது, சுருதியைத் துளியூண்டு மட்டும் அசைத்தால் துளியூண்டு இடத்தில் ஒரு நிலையத்தை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1922ல் ஜான் கார்சன் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் உட்கார்ந்து கணக்கைச் சரியாகப் போட்டார். எவ்வளவு குறைவாக அசைத்தாலும் ஏ.எம்.மைவிடக் குறைந்த இடத்தில் அடங்காது. போதாக்குறைக்கு ஒலியும் திரிந்துபோகும், ஆகவே பிரயோஜனம் இல்லை என்று எழுதினார். கணக்கு சரி. 180 கிலோ ஹெர்ட்ஸ் என்று முதல் நாள் சொன்னேனே, அது அவர் பெயரிலேயே வழங்கும் விதிதான்: இழுப்பு 75ம், ஒலியின் உச்ச அதிர்வெண் 15ம் சேர்ந்து 90, இரண்டு பக்கத்துக்கும் 180.

கார்சன் குறுக்க முடியாது என்றார். ஆர்ம்ஸ்ட்ராங், சரி, குறுக்காவிட்டால் போகிறது, அகட்டிப் பார்ப்போம் என்று போனார். 1933ல் காப்புரிமை. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர் கூட்டத்தின் முன் ஒலிபரப்பிக் காட்டினார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்: பாட்டு, பேச்சு எல்லாம் போட்டதோடு, ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தையும் காகிதம் கசங்கும் சத்தத்தையும் அனுப்பினாராம். ஏ.எம். பெட்டியில் அந்த இரண்டும் சும்மா இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். தண்ணீர் தண்ணீராகவே கேட்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்திருப்பார்கள்.

அப்புறம் நடந்தது நல்ல கதை இல்லை. 42 முதல் 50 மெகா ஹெர்ட்ஸில் நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1945ல் அமெரிக்க அரசாங்கம் எஃப்.எம்.மை இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றியது. ஜனங்கள் வாங்கி வைத்திருந்த பெட்டிகளெல்லாம் வீண். காப்புரிமைக்காக ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனியோடு வருஷக்கணக்கில் வழக்கு. அதன் தலைவர் டேவிட் சார்னாஃப் ஒருகாலத்தில் இவருடைய நண்பர். ஆர்ம்ஸ்ட்ராங்கின் மனைவி மரியன் கல்யாணத்துக்கு முன் சார்னாஃபின் செயலாளராக இருந்தவர். கையிலிருந்த பணமெல்லாம் கரைந்து, 1954ல் ஆர்ம்ஸ்ட்ராங் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வழக்குகளை மரியன் விடவில்லை. 1967ல் கடைசி வழக்கும் அவர் பக்கம் தீர்ப்பானது.

ஏ.எம். பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஆர்ம்ஸ்ட்ராங்தான். எந்த நிலையம் வந்தாலும் அதை 455 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டு வேலை பார்க்கும் சூப்பர் ஹெட்டரோடைன் முறை அவர் 1918ல் கண்டுபிடித்தது.

10 மே 2017, காலை 8.15

455 என்று எழுதியதும் மண்டையில் பழைய குட்டு ஒன்று வலிக்கிறது. திருச்சியில் மாமாவுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பள்ளிக்கூட லீவில் அங்கேதான் கிடப்பேன். பெட்டிக்குள் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள் இருக்கும், தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வண்ணம் பூசியிருப்பார்கள். ஐ.எஃப்.டி. என்போம். 455ல் நிற்கும்படி அதைத் திருகி வைக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் திருப்புளியால். நான் அவசரத்தில் இரும்புத் திருப்புளியைப் போட்டு ஒரு திருகு. உள்ளே இருந்த ஃபெரைட் ‘டிக்’ என்று விண்டுபோனது. வாடிக்கையாளர் எதிரிலேயே குட்டினார். “அது திருகு ஆணி இல்லடா, உசுரு!”

10 மே 2017, இரவு 9.10

விருதுநகர்க்காரர் கேட்டிருக்கிறார்: எஃப்.எம். பக்கத்து ஊரைத் தாண்டாது என்றால் கோடை எஃப்.எம். எங்கள் ஊர்வரை எப்படி வருகிறது?

மலை ஐயா, மலை. கோடை எஃப்.எம். நிலையம் இருக்கும் கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 2,100க்கு வர்க்கமூலம் 46க்குக் கொஞ்சம் குறைச்சல். பெருக்கினால் 190 கிலோமீட்டருக்கு ஒட்டி நிற்கும். நடுவில் வேறு மலை மறைக்காவிட்டால் விருதுநகர் என்ன, திருச்சிவரை கணக்கில் வந்துவிடும். அதே டிரான்ஸ்மிட்டரைச் சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்தில் வைத்திருந்தால் 41 கிலோமீட்டரில் தொடுவானம் முடிந்திருக்கும். அப்புறம் கொஞ்சம் கசியும், அவ்வளவே. 1977 ஜூலை 23ல் நாட்டிலேயே முதலாக எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது சென்னையில். மலை ஏது? சென்னை எஃப்.எம். சென்னைக்காரர்களோடு நின்றதற்குப் பண்பேற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

12 மே 2017, இரவு 10.30

ஒருவர் மடக்கினார்: ஏ.எம்.மில் ஊர்தி அலையின் உயரம் மாறுகிறதா, இல்லை 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால் 719, 720, 721 என்று மூன்று தனி அலைகள் போகின்றனவா? இரண்டையும் புத்தகத்தில் போட்டிருக்கிறான், எதை நம்புவது?

இரண்டும் ஒன்றேதான். தம்புரா சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் மயிரிழை பிசகியிருந்தால் ‘வொம்... வொம்...’ என்று சத்தம் ஏறி இறங்கும். புத்தகம் அதை விம்மல் என்கிறது. அங்கே யாரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவில்லை. நிலையாக ஒலிக்கும் இரண்டு தந்திகள் சேர்ந்து அப்படிக் காட்டுகின்றன. ஏ.எம். என்பது மூன்று தந்தி விம்மல். நடுத்தந்தி 720 உண்மையில் அசையவே இல்லை. செய்தி முழுவதும் இரு பக்கத் தந்திகளில்.

வயிற்றெரிச்சலும் அங்கேதான். ஒரே ஒலியை அதிகபட்ச அளவுக்கு ஏற்றினால்கூட மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு அந்தச் செய்தியில்லாத நடுத்தந்திக்கே போகும். ஏன் அந்த ஊதாரித்தனம்? கேட்பவனின் பெட்டி மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. நடுத்தந்தி கூடவே வருவதால் ஒரு டயோடு போதும். மாமா கடையில் கழித்துப்போட்ட காயில், ஒரு கேங் கண்டென்சர், ஓ.ஏ.79 டயோடு, காதில் மாட்டும் ஹெட்போன், ஜன்னல் கம்பியில் ஆண்டெனா. பேட்டரி கிடையாது. திருச்சி 936 அதில் கேட்டது. பாயில் படுத்துக்கொண்டு காதில் வைத்தால் கொசு பேசுவதுபோல விவசாய நிகழ்ச்சி கேட்கும். ஹெட்போனை ஓட்டிய மின்சாரம் முழுக்க வானொலி நிலையத்தின் செலவு.

13 மே 2017, மாலை 5.00

மகளுக்குச் செய்துகாட்ட ஒரு சோதனை. பழைய மாடல் எஃப்.எம். டிரான்சிஸ்டர் இரண்டு வேண்டும், முள் நகரும் வகை.

முதல் பெட்டியை 104.2க்குப் பக்கத்தில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரையும். இரண்டாவது பெட்டியை அதற்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, 93.5ஐ நோக்கி மெதுவாகத் திருகுங்கள். சரியான இடம் வந்ததும் முதல் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். நிலையம் எதுவும் வராது. இரைச்சல் மட்டும் நின்றுபோகும். விரலை எடுத்தால் மௌனம், லேசாகத் திருகினால் மறுபடி ‘ஸ்ஸ்ஸ்’.

எஃப்.எம். பெட்டி தனக்குள் ஒரு அலையை உற்பத்தி செய்துகொள்ளும், பிடிக்கும் நிலையத்துக்குப் பொதுவாக 10.7 மெகா ஹெர்ட்ஸ் மேலே. 93.5ம் 10.7ம் 104.2. அந்த அலை துளிக் கசிந்து பக்கத்துப் பெட்டியில் நுழைகிறது. குரல் ஏற்றாத வெறும் ஒத்து. பெட்டிக்கு அது பெரிய ஆள், இரைச்சல் சின்ன ஆள். பிரகாரத்தில் சொன்னேனே, அதை அப்படியே காதால் கேட்கலாம்.

14 மே 2017, காலை 9.45

சோதனை வேலை செய்யவில்லை என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எண் ஒளிரும் புதுப் பெட்டி வைத்துப் பார்த்தாராம். அதில் எல்லாம் ஒரே சிப்பில் அடக்கம், 10.7 கணக்கு அதற்குப் பொருந்தாது. முள் நகரும் வகை என்று நேற்றே சொன்னேன்! தாத்தா வீட்டுப் பரணில் தேடச் சொல்லுங்கள்.

20 மே 2017, இரவு 11.00

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போனேன். டிரைவர் எஃப்.எம். போட்டிருந்தார். அந்த நிலையத்துக்குத் திருச்சியிலும் மதுரையிலும் ஒரே எண். துவரங்குறிச்சி தாண்டியதும் வேடிக்கை தொடங்கியது. பல்லவி திருச்சியில், சரணம் மதுரையில். நடுவே அரை விநாடி கரகரப்பு, பிறகு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் பாதியில் அறுந்து வேறொரு பாட்டு. ஒரு தடவைகூட இரண்டும் சேர்ந்து கேட்கவில்லை. கொஞ்சம் பலமானவன் முழுக்க ஜெயிப்பான், தோற்றவன் இருந்த இடமே தெரியாது. டிரைவருக்கு எரிச்சல், எனக்கு ஆனந்தம்.

விமானத்தில் ஏ.எம். ஏன் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. பழக்கத்தில் தொடங்கி அப்படியே நிலைத்துவிட்டது என்பது ஒரு காரணம். இரண்டு விமானிகள் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியம். எஃப்.எம். என்றால் கட்டுப்பாட்டு அறையில் பலமானவர் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கும். இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று கத்தும். பேச்சு புரியாவிட்டாலும் யாரோ இன்னொருவர் இருக்கிறார் என்று புரியும். மறுபடி சொல்லச் சொல்வார்கள். சுத்தமாகக் கேட்பதே ஆபத்தாக இருக்கிற இடமும் உண்டு.

21 மே 2017, காலை 7.30

ஸ்டீரியோ பற்றி இரண்டே வரி. இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை 38 கிலோ ஹெர்ட்ஸ் அலைமேல் ஏற்றித்தான் எஃப்.எம்.முக்குள் வைத்து அனுப்புகிறார்கள். எப்படி ஏற்றுகிறார்கள்? ஏ.எம்.மில், நடுத்தந்தியை மட்டும் கழற்றிவிட்டு. எஃப்.எம்.மின் வயிற்றுக்குள் ஒரு ஏ.எம்.!

3 ஜூன் 2017, இரவு 10.50

சென்னையில் எங்கள் அபார்ட்மென்டில் மத்திய அலை கேட்பதை விட்டே வருஷமாகிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், லிஃப்ட், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் ஒரு மிக்ஸி. பெட்டியைப் படுக்கவைத்துத் திருப்பினால் உள்ளேயிருக்கும் ஃபெரைட் தண்டு திரும்பி ஓர் இரைச்சலைக் கழிக்கும், அடுத்தது உள்ளே வரும்.

இன்று ஒன்பதரைக்குக் கரன்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. மெழுகுவத்தி தேடப் போனவன் அலமாரியில் மாமாவின் பழைய பெட்டியைப் பார்த்தேன். மகன் வாங்கிவைத்த பேட்டரி இருந்தது. போட்டுத் திருகினேன். சுத்தம். அப்படி ஒரு சுத்தத்தைப் பல வருஷமாகக் கேட்டதில்லை. 720 வந்தது, அது உள்ளூர். மேலே போனேன். 936ல் ஒரு மூச்சு வாங்கி, தேய்ந்து, மறுபடி ஏறி, திருச்சி. பகலில் 417 மீட்டர் அலையையும் 320 மீட்டர் அலையையும் விழுங்கிவிடும் வானத்துக் கீழடுக்கு இரவில் கலைந்துவிடும், மேலடுக்கில் பட்டு இவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. யாரோ நாட்டுப்புறப் பாட்டு. குரல் உள்ளே போய் வெளியே வந்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல.

பதினைந்து நிமிஷம் இருக்கும். லிஃப்ட் ‘டங்’ என்றது, மாடிப்படி விளக்கு எரிந்தது. பாட்டு ‘கொர்ர்ர்’ரென்று ஆனது. சமையலறையிலிருந்து, “கரன்ட் வந்துருச்சு, அதை அமத்துங்க” என்றாள் மனைவி.